லேசர் துவக்கு விளையாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எங்கள் மகளிர் குழுக் கூட்டங்களில் வரும் கேள்விகளும் மாறிவிடும். மற்ற மாதங்களில் காணி உறுதி, சுழற்சிக் கடன், மரணச் சான்றிதழ் என்று கதைப்பவர்கள், இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளின் வரவைப் பற்றியும் தங்கள் பயணங்களைப் பற்றியும் கதைக்கத் தொடங்குவார்கள். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, சென்னை போய் வருவதும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முன்னைப்போல் பெரிய காரியமாக இல்லை.

இம்முறை ஒரு அம்மா ரொறன்ரோவுக்குப் போக இருக்கிறார். பேரனுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். மகள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், கொண்டாட்டம் மண்டபத்தில் இல்லை, "லேசர் டாக்" விளையாடும் இடத்தில் என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் விளையாட வேண்டுமாம், அம்மம்மாவும்தானாம். அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "பிள்ளை, இருட்டுக்குள்ள துவக்கு வச்சு ஆளையாள் சுடுறதாம். நான் மாட்டன் எண்டு சொன்னா மருமகன் என்ன நினைப்பார்? ஓம் எண்டு போய் உள்ளுக்க விழுந்து கிடந்தா என்ன செய்யிறது?"

அவர் மட்டுமல்ல, வேறு இருவரும் இதே விடயத்தைக் கேட்டார்கள். ஒருவரின் மகன் இலண்டனில் இருந்து கொண்டுவந்த விளையாட்டுத் துவக்குகளை வைத்துப் பிள்ளைகள் ஒழுங்கையில் ஓடுகிறார்கள். மற்றவர் ஒரு காலத்தில் உண்மையான துவக்கு ஏந்தியவர். ஆகவே இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன். ஒரு பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தபோது அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதியில் நானும் இதை ஒருமுறை விளையாடினேன். அதனால் கண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று பார்ப்போம். "டாக்" என்றால் ஓடிப்பிடித்துத் தொடுகிற விளையாட்டு. நாங்கள் சின்னவயதில் விளையாடிய ஒளித்துப்பிடித்தலையும் கிளித்தட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இதுதான் வரும். ஒரு வித்தியாசம், கையால் தொடுவதற்குப் பதிலாக ஒளியால் தொடுகிறார்கள். இரண்டு அணிகள். ஒவ்வொருவரும் மார்பையும் முதுகையும் மூடும் ஒரு அங்கியை மாட்டுவார்கள். அதில் ஒளியை உணரும் சின்னச் சின்னக் கண்ணாடிப் பொட்டுகள் இருக்கும். கையில் துவக்கு வடிவில் ஒரு கருவி. விசையை அழுத்தினால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போகும். வீட்டில் தொலைக்காட்சிக்குப் பாவிக்கும் ரிமோட்டில் இருந்து போவதும் இதே வகை ஒளிதான். அந்த ஒளி எதிராளியின் அங்கியில் பட்டால் அவருடைய அங்கி மின்னும், அதிரும், ஒரு சத்தம் போடும். சில விநாடிகளுக்கு அவரால் சுட முடியாது. பிறகு அங்கி தானாகவே உயிர்பெறும், அவர் திரும்பவும் விளையாடலாம். பத்து முதல் இருபது நிமிடத்தில் ஆட்டம் முடியும். யார் யாரை எத்தனை தடவை தொட்டார்கள் என்று கணினி கணக்குச் சொல்லும்.

பெயரில்தான் லேசர் இருக்கிறதே தவிர, அநேக இடங்களில் அடையாளத்துக்கு ஓடும் சிவப்புக் கோடு தவிர லேசர் எதுவும் இல்லை. குண்டு இல்லை, மை உருண்டை இல்லை, உடம்பில் எதுவும் வந்து படாது, நோகாது. மை உருண்டை சுடும் விளையாட்டு வேறொன்று, அதற்குப் பெயர் பெயின்ற்போல். அது பட்டால் கண்டிப் போகும். அழைப்பு வரும்போது இரண்டில் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் காட்டர் என்பவர் 1977 இல் வந்த விண்வெளிப் போர்த் திரைப்படமொன்றைப் பார்த்துவிட்டு யோசித்ததன் விளைவாக, 1984 இல் டலஸ் நகரத்தில் "போட்டன்" என்ற முதல் விளையாட்டு நிலையம் திறக்கப்பட்டது. 1986 இல் வீட்டில் விளையாடும் பெட்டிகள் கடைக்கு வந்தன. இதே காலத்தில் அமெரிக்க இராணுவமும் தன் சிப்பாய்களின் பயிற்சிக்கு, துவக்கில் லேசரைப் பொருத்தி உடுப்பில் உணரியைப் பொருத்தும் முறையொன்றைப் பாவித்து வந்தது. விளையாட்டும் போர்ப்பயிற்சியும் அண்ணன் தம்பிபோல ஒரே காலத்தில் வளர்ந்தவை. இதை எழுதக் காரணம், "எனக்கு ஏன் இதைக் கண்டால் ஒரு மாதிரி இருக்கிறது, மற்ற ஆட்களுக்கு இல்லையே" என்று உங்களில் யாரும் தங்களைத் தாங்களே குறை சொல்லக்கூடாது என்பதுதான். அது போரைப்போலச் செய்யப்பட்ட விளையாட்டு. போரைக் கண்டவருக்கு அது போர்போலத் தெரிவதில் புதினம் இல்லை.

புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கோ இது வேறு கதை. மான்செஸ்டரில் 1989 இல் தொடங்கிய "லேசர் குவெஸ்ட்" நிலையங்கள் பிறகு கனடாவிலும் வந்தன. 2020 இல் கொரோனாக் காலத்தில் வட அமெரிக்காவில் இருந்தவை மூடப்பட்டாலும், வேறு நிறுவனங்கள் நடத்துகின்றன. அங்கே பிறந்த பிள்ளைக்கு இது பிறந்தநாள் கேக்கைப்போல ஒரு வழக்கம். அந்தப் பேரன் அம்மம்மாவை நோகடிக்க இதைத் தெரிவு செய்யவில்லை. அவனுடைய வகுப்பில் எல்லோரும் செய்வதை அவனும் கேட்டிருக்கிறான்.

இனி, போனால் என்ன நடக்கும் என்பதை வாசலில் இருந்து சொல்கிறேன். ஏனென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு எதிர்பாராமல் வருவதுதான் ஆபத்து. முன்கூட்டியே தெரிந்த சத்தம் வேறு, தெரியாத சத்தம் வேறு.

உள்ளே போனதும் ஒரு சின்ன அறையில் இருத்தி விதிகளைச் சொல்வார்கள். ஓடக்கூடாது, ஏறக்கூடாது, ஆளை ஆள் தள்ளக்கூடாது, கருவியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அங்கியில் உள்ள பொட்டுகளைக் கையால் மறைக்கக்கூடாது. ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்வார்கள். விளங்காவிட்டால் பேரப்பிள்ளையிடம் கேட்டால் போதும், அவர்களுக்கு மனப்பாடம். அடுத்தது அங்கி மாட்டும் அறை. வரிசையாகக் கொளுவி வைத்திருப்பார்கள். இடத்துக்கிடம் அதன் பாரம் ஒரு கிலோவில் இருந்து மூன்று கிலோ வரை வரும். தலையால் போட்டு, பக்கத்தில் கொளுக்கியைப் பூட்டுவார்கள். உடம்பைச் சுற்றி எதையாவது கட்டுவதே சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும். ஏன் என்று அங்கே யாருக்கும் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. மாட்டாமல் விடலாம்.

பிறகு கதவு திறக்கும். உள்ளே இருட்டு. முழு இருட்டல்ல, ஊதா நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வெள்ளை உடுப்பு பளிச்சென்று ஒளிரும், ஆகவே வெள்ளை உடுத்திக்கொண்டு போனால் எல்லோரும் உங்களைத்தான் தேடுவார்கள். சேலை வேண்டாம். நீளச் சால்வையும் வேண்டாம், கொளுக்கியில் மாட்டும், காலில் சிக்கும். கடும் நிறத்தில் சட்டையும் காற்சட்டையும் அல்லது சுடிதாரும், தட்டையான சப்பாத்தும் போதும். தாலிக்கொடி, நீளச் சங்கிலி போட்டிருந்தால் உள்ளே விட்டு மூடிக்கொள்ளுங்கள். சுவர்கள் வளைந்து வளைந்து போகும், ஒளித்து நிற்க மூலைகள் இருக்கும், சில இடங்களில் சரிவுப் பாதையும் மேல்தட்டும் இருக்கும். மெல்லிய புகை விடுவார்கள். அது எரிபுகை அல்ல, இயந்திரத்தில் இருந்து வரும் பனிபோன்ற ஆவி. கொஞ்சம் இனிப்பு வாசம் இருக்கும். பெரிய சத்தத்தில் பாட்டுப் போகும். இடைக்கிடை பளிச் பளிச் என்று விளக்கு வெட்டும்.

இந்தக் கடைசி மூன்றையும் திரும்பவும் வாசியுங்கள். புகை, சத்தம், பளிச்சிடும் வெளிச்சம். 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இன்றைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குள் ஓடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆபத்து வந்த நேரத்தில் கேட்ட சத்தத்தையும் மணத்தையும் உடம்பு தனியாகச் சேமித்து வைக்கிறது. அதே சத்தம் திரும்ப வரும்போது, இது பழையது, இது வேறு நாடு என்று புத்தி சொல்வதற்கு முன்பே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும், கை குளிரும், கால் தானாக ஓடும். இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. உயிரைக் காப்பாற்றிய அதே பழக்கம்தான்.

ஆகவே செய்யக்கூடியவை சில. பிறந்தநாளுக்கு முன்னர் மகளிடம் சொல்லி, அந்த இடத்துக்கு வெளிச்சம் போட்டிருக்கும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். கேட்டால் அநேகமாகக் காட்டுவார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் பலகைச் சுவரும் நிறப் பூச்சும்தான். வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து மனத்தில் வையுங்கள். இதை நான் சென்னையில் செய்தேன். உள்ளே இருட்டில் நின்றபோது, வலப்பக்கம் திரும்பி இரண்டு சுவர் தாண்டினால் கதவு என்ற அந்த ஒரு விடயம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பல இடங்களில் ஆட்டத்தைக் கண்காணிக்க ஒரு ஊழியர் உள்ளே நிற்பார். கையை உயர்த்தி அவரைக் கூப்பிட்டால் வெளியே கூட்டிக்கொண்டு வருவார். பாதியில் வெளியே வருவது வெட்கம் அல்ல. சத்தத்துக்கும் கால் வலிக்கும் அந்த ஊர்ப் பெண்களே இடையில் வெளியே வருகிறார்கள்.

உள்ளே நிற்கும்போது நெஞ்சு படபடக்கத் தொடங்கினால், சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். இரண்டு காலும் நிலத்தில் படுவதை உணருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஐந்து பொருட்களின் பெயரைத் தமிழில், வாய்விட்டுச் சொல்லுங்கள். பேரனின் பெயரையும் அவனுடைய வயதையும் சொல்லுங்கள். அவன் பிறந்தது சண்டை முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. அந்தக் கணக்கு உங்களை இன்றைக்குக் கொண்டுவரும்.

உடம்பைப் பற்றியும் கேட்டார்கள். ஷெல் துண்டு இன்னும் உடம்பில் இருக்கிறவர் விளையாடலாமா என்பது ஒரு கேள்வி. விளையாட்டின் ஒளி அந்த இரும்பை எதுவும் செய்யாது. ஆனால் துண்டு தோளிலோ விலாவிலோ முள்ளந்தண்டுக்குக் கிட்டவோ இருந்தால், அங்கியின் பாரமும் அது அதிர்வதும் வலியைக் கிளப்பலாம். முதலில் அங்கியை மாட்டிப் பாருங்கள், நொந்தால் கழற்றுங்கள். செயற்கைக் கால் போட்டிருப்பவர்கள் மங்கல் வெளிச்சத்தில் சரிவுப் பாதையைத் தவிர்த்து, கீழ்த்தட்டில் ஒரு மூலையைப் பிடித்து நிற்பது நல்லது. ஓடித் திரியாமல் ஒரு மூலையில் நின்றும் புள்ளி எடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் கால் பொருத்தியவர்கள், பயணத்துக்கு முன்னர் அங்கே காட்டிப் பட்டிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது விளையாட்டுக்காக மட்டுமல்ல, விமானத்தில் நீண்ட நேரம் இருந்தாலும் கால் வீங்கும்.

வலிப்பு உள்ளவர்கள் உள்ளே போகவே வேண்டாம், பளிச்சிடும் விளக்கு வலிப்பைக் கிளப்பக்கூடும். தொய்வு உள்ளவர்கள் புகை பற்றிக் கேட்டு, பம்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைத்தாச்சிகள் தவிர்ப்பது நல்லது, இருட்டில் யாராவது வந்து மோதலாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போகவேண்டாம். சத்தத்தில் காது கேட்காமல் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பெண்களில் பலருக்கு ஒரு காது மந்தம். கேள்கருவி போட்டிருந்தால் அதன் ஒலியைக் குறைத்துவிட்டுப் போங்கள்.

இனி, முன்பு சொன்ன மூன்றாவது சகோதரியின் கேள்வி. அவர் புனர்வாழ்வு முடித்து வந்து, கலியாணம் செய்து, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கிறவர். தமையன் குடும்பம் சென்னைக்கு வருகிறது, இவரையும் பிள்ளைகளையும் அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். பெறாமக்கள் இந்த விளையாட்டுக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். "அத்தைக்குச் சொல்லியா குடுக்கவேணும், எங்கட அணிக்கு அத்தைதான்" என்று பகிடியாகச் சொன்னார்களாம். பெரியவர்களும் சிரித்தார்களாம். அவருக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

இந்தப் பகிடியைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அதைச் சொல்லக்கூடாது. இந்தப் பக்கத்தை வீட்டில் வேறு யாரும் வாசித்தால் அவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒரு பெண் எதைச் செய்தாள், எதைக் கண்டாள், எதைச் செய்ய வைக்கப்பட்டாள் என்பது அவள் விரும்பினால், விரும்பிய நேரத்தில், விரும்பிய ஆளுக்குச் சொல்லும் விடயம். கேக் வெட்டும் மேசையில் வைத்துச் சிரிக்கும் விடயம் அல்ல.

அவரிடம் நான் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இந்த நிலையங்களில் உள்ளே போகுமுன் ஒவ்வொருவரிடமும் ஒரு "விளையாட்டுப் பெயர்" கேட்பார்கள். சொந்தப் பெயர் அல்லாமல் வேறொரு பெயர். அந்தப் பெயர்தான் பலகையில் வரும். பிள்ளைகள் புலி, இடி, மின்னல் என்று எதையாவது கொடுப்பார்கள். சொந்தப் பெயரை விட்டு வேறொரு பெயரில் வருடக்கணக்காக வாழ்ந்த ஒருவரிடம், கையில் துவக்கு வடிவத்தைக் கொடுத்து, "உங்கள் பெயர் என்ன வைக்கட்டும்" என்று கேட்டால் அது எங்கே போய்க் குத்தும் என்று அந்த ஊழியருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தயாராக இருக்கலாம். வீட்டுப் பெயரையே கொடுக்கலாம், பிள்ளையின் பெயரைக் கொடுக்கலாம், ஒரு பூவின் பெயரைக் கொடுக்கலாம். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் உள்ளுக்குப் போகேல்ல, அக்கா. வெளியில இருந்து பாக்கிறன். பிள்ளையள் போகட்டும்" என்றார். நல்ல முடிவு. பல இடங்களில் உள்ளே நடப்பதை வெளியே திரையில் பார்க்கலாம். பிள்ளைகள் களைத்து வரும்போது தண்ணீர்ப் போத்தலோடு நிற்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைத் தாங்கள் செய்வதாகத் தமையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த இடத்தில் வைத்துக் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். "எனக்குத் தலைச்சுற்று வரும்" என்ற ஒரு வசனம் போதும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் பிள்ளைகள் விளையாடலாமா? இதில் எங்கள் குழுவிலேயே இரண்டு பக்கம் இருந்தது. துவக்கு என்ற வடிவமே வீட்டுக்குள் வரக்கூடாது என்றார் ஒருவர். அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் இல்லை, அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது. இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் வந்ததல்ல என்பதை அவருக்குச் சொன்னேன். ஜேர்மனியில் பொன் நகரத்தில் 1994 இல் இப்படி ஒரு நிலையம் திறக்கப்பட்டபோது, மனிதரை இலக்கு வைத்துச் "சாகடித்து விளையாடும்" ஆட்டத்தை நகர நிர்வாகம் தடை செய்தது. மனித மாண்புக்கு அது இழுக்கு என்பதே அவர்கள் சொன்ன காரணம். நிலையத்தை நடத்திய நிறுவனம் வழக்குக்குப் போனது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2004 ஒக்டோபர் 14 அன்று தீர்ப்பு வந்தது. மற்ற நாடுகள் அனுமதித்தாலும், ஒரு நாடு தன் அரசியலமைப்பின்படி மனித மாண்பைக் காக்க இதைத் தடுக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அசையாத இலக்குகளைச் சுடுவதற்கு அந்தத் தடை இருக்கவில்லை, ஆளை ஆள் சுடுவதற்குத்தான். இரண்டு உலகப்போர்களைக் கண்ட நாடு இதை ஒரு சின்ன விடயமாக எடுக்கவில்லை. ஆனாலும் இன்று அதே ஜேர்மனியிலும் இந்த விளையாட்டு நிலையங்கள் நடக்கின்றன. அங்கே இருக்கும் எங்கள் உறவுகளின் பிள்ளைகளும் போகிறார்கள். துவக்கு என்ற சொல்லைத் தவிர்த்து அதை ஒரு உடற்பயிற்சி விளையாட்டாக நடத்தப் பார்க்கிறார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், பெரிய பிள்ளைகள் விளையாடுவதை நான் தடுக்கமாட்டேன். துவக்கு விளையாடிய பிள்ளை துவக்குத் தூக்கும் என்று சொல்ல முடியாது. இடம்பெயர்ந்த முகாம்களில் பனைமட்டையைத் துவக்காக்கி விளையாடிய என் வயதுக்காரர் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள், தாதிமார். கண்டதை விளையாடித்தான் பிள்ளை ஆற்றிக்கொள்ளும். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1991 இல் இலங்கையும் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாடுவது பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை அந்த இருட்டுக்குள் விடவேண்டாம். பல நிலையங்களும் வயதோ உயரமோ பார்த்துத்தான் விடுகின்றன. இரண்டு, பயந்து நிற்கும் பிள்ளையை, "ஆம்பிளைப் பிள்ளையெல்லே, போ" என்று தள்ளவேண்டாம். வீட்டில் தகப்பனை இழந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக விளங்கி வைத்திருக்கும்.

விளையாட்டு முடிந்து வரும் வழியில் பிள்ளை கேட்கலாம், "அம்மம்மா, நீங்கள் உண்மையான துவக்கு பார்த்தீங்களா?" பொய் சொல்லாதீர்கள், முழுவதும் கொட்டவும் வேண்டாம். "ஓம், பாத்திருக்கிறன். அது பட்டா ஆள் திரும்ப எழும்பாது. அதாலதான் எனக்கு உது விருப்பமில்லை" என்று சொன்னால் ஒன்பது வயதுக்குப் போதும். மேலே கேட்டால் அந்தந்த வயதுக்கு அளவாகச் சொல்லலாம். அழுகை வந்தால் வரட்டும், பிள்ளை பயப்படாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒழுங்கைப் பிரச்சினை. வீட்டில் விளையாடும் பெட்டிகளில் இரண்டோ நான்கோ துவக்குகளும் அங்கிகளும் வரும். நிலையத்தில் விதி சொல்ல ஆள் இருக்கிறது, ஒழுங்கையில் இல்லை. 1987 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இரவில் பாடசாலை வளவில் இப்படி விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் ஒருவரைப் பொலிஸ் அதிகாரி உண்மையான துவக்கு என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார். அது சமாதானமாக இருந்த ஊர். எங்கள் பக்கத்தில் முகாம்களும் வேலிகளும் இன்னும் இருக்கின்றன. ஆகவே இருட்டியபின் வேண்டாம், றோட்டில் வேண்டாம், முகாம் வேலிப் பக்கம் அறவே வேண்டாம். கறுப்பு நிறத் துவக்கென்றால் மஞ்சள் நிற ஒட்டுத்தாளைச் சுற்றிவிடுங்கள்.

வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுப்போன வீடுகள் பல இன்னும் கூரையில்லாமல் பற்றைக்குள் நிற்கின்றன. ஒளித்து விளையாடுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கேதான் கட்டில்லாத பாழ்கிணறும், இற்றுப்போன சுவரும், பாம்பும் இருக்கின்றன. விடுவிக்கப்பட்ட காணிகளில் கண்ணிவெடி அகற்றியிருந்தாலும், மண்ணைக் கிண்டும்போதும் பற்றை வெட்டும்போதும் பழைய வெடிபொருள் வருவது நடக்கிறது. மண்டையோட்டுப் பலகை உள்ள இடம், துப்புரவாக்காத வளவு இரண்டுக்கும் பிள்ளைகளை விடாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கச் சொல்லுங்கள். விளையாடுவதென்றால் பகலில், சொந்த முற்றத்தில், ஒரு பெரியவர் திண்ணையில் இருக்கும்போது.

இந்தப் பெட்டிகளை விமானத்தில் கொண்டுவரும் உறவுகளுக்குச் சொல்லுங்கள், துவக்கு வடிவப் பொருளைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடிப்பார்கள். பெரிய பெட்டிக்குள் போடவேண்டும்.

திருவிழாக் கடைகளில் விற்கும் லேசர் பேனாவையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். விளையாட்டுத் துவக்கின் ஒளி கண்ணுக்குத் தீங்கில்லை. ஆனால் அந்தப் பேனாக்கள், குறிப்பாகப் பச்சை ஒளி உள்ளவை, பெயர்த்தாளில் எழுதியிருப்பதைவிடச் சக்தி கூடியவையாக இருக்கலாம். 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்டால் கண்ணுக்கு நேரே பிடிப்பது ஆபத்து, விழித்திரை கருகினால் பார்வை திரும்பி வராது. விமானத்தை நோக்கி அடித்தால் விமானிக்குக் கண் கூசும். பலாலிக்கு இறங்கும் விமானம் எங்கள் தலைக்கு மேலால் போகிறது. பிள்ளையின் கையில் அந்தப் பேனா இருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

விளையாடப் போய்வந்த பிறகோ, போகாமலேயோ, நித்திரை குழம்பி, கனவு வந்து, இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே இருந்தால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். தனியாக வரக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து போவோம். வீட்டில் இருந்தபடி கதைக்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது.

ரொறன்ரோ போகும் அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை. கறுப்புக் காற்சட்டை தைக்கத் துணி மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.